சிக்னல் ஓடுது, பட்டியலில் பேர் இல்லை

எந்த ஆய்வுத் துறையும் கொஞ்சம் வளர்ந்ததும் அதற்கு ஒரு பழக்கம் தொத்திக்கொள்ளும். உட்கார்ந்து தன்னைத்தானே எண்ணிப் பார்க்கும். யார் அதிகம் எழுதினார்கள், எந்தப் பல்கலைக்கழகம் முதலிடம், எந்த பேப்பருக்கு அதிக மேற்கோள், யார் யாரோடு சேர்ந்து எழுதினார்கள் என்று அட்டவணை போடும். ஐ.டி.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நுண்ணறிவுப் போக்குவரத்துத் துறைக்கு அந்த ஆசை 2010இல் பெரிய அளவில் வந்தது. ஐ.இ.இ.இ. அமைப்பு இந்தத் துறைக்கென்று நடத்தும் 'ட்ரான்ஸாக்‌ஷன்ஸ்' இதழ் 2000இல் தொடங்கியது. பத்து வருஷம் ஆனதும், அதே இதழிலேயே அதன் பத்தாண்டுக் கட்டுரைகளை எண்ணி ஆராய்ந்த கட்டுரைகள் வந்தன. 2014இல் இன்னொரு குழு, கட்டுரைகளின் குறிச்சொற்கள் எது எதோடு சேர்ந்து வருகின்றன என்று பார்த்து, துறைக்கே ஒரு வரைபடம் போட்டு அதே இதழில் வெளியிட்டது. அதற்குப் பிறகு தானியங்கிக் கார், சிக்னல், போக்குவரத்துக் கணிப்பு என்று ஒவ்வொரு கிளைக்கும் இப்படிப்பட்ட எண்ணிக்கைக் கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன.

போன சில வாரங்களாக இவற்றில் சிலவற்றை வரிசையாக வைத்துப் படித்தேன். படித்ததில் வந்த எரிச்சலைத்தான் இங்கே எழுதுகிறேன். எரிச்சல் என்று சொன்னாலும், இந்த வகைக் கட்டுரைகள் வெட்டி வேலை என்று நான் நினைக்கவில்லை. புதிதாக உள்ளே வருகிறவருக்கு இதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. பத்தாண்டுக்கு முன் எதைப் பேசினார்கள், இப்போது எதைப் பேசுகிறார்கள், எந்த நாலு ஆய்வகங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதெல்லாம் ஒரே உட்காரலில் தெரிந்துவிடும். 2014 வரைபடம் இந்த வேலையை நன்றாகவே செய்கிறது. எனக்குப் பிரச்சினை அடுத்த அடியில்தான். அட்டவணைக்கு மேலே 'உற்பத்தித்திறன்', 'தாக்கம்' என்று இரண்டு சொற்களை எழுதிவிடுகிறார்கள். அந்த இரண்டு சொற்களும் அட்டவணைக்குள் இல்லாத ஒன்றைச் சொல்கின்றன.

முதலில் உற்பத்தித்திறன். கேட்க எளிமையான கேள்வி: யார் அதிகம் எழுதினார்? ஆனால் ஒரு பேப்பரில் ஐந்து பேர் இருந்தால் ஆளுக்கு ஒன்றா, ஐந்தில் ஒரு பங்கா? கற்பனையாக இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். முதலாமவர் பத்து பேப்பர், ஒவ்வொன்றிலும் ஐந்து ஆசிரியர்கள். இரண்டாமவர் நாலே பேப்பர், அதில் இரண்டு தனியாக எழுதியது, இரண்டு இன்னொருவரோடு சேர்ந்து எழுதியது. ஆளுக்கு ஒன்று என்று எண்ணினால் 10க்கு 4, முதலாமவர் எங்கேயோ போய்விடுவார். பங்கு போட்டு எண்ணினால் முதலாமவருக்கு 2, இரண்டாமவருக்கு 3. பட்டியல் அப்படியே தலைகீழ். இரண்டு கணக்கும் சரிதான், இரண்டையும் பயன்படுத்துகிறார்கள். உளவியல் துறையில் 1987இல் ஹோவர்ட், கோல், மேக்ஸ்வெல் என்ற மூவர், பெயர் வரிசைப்படி பங்கு குறைந்துகொண்டே போகும் ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். மூன்று பேர் எழுதிய பேப்பர் என்றால் முதல் ஆளுக்கு 0.47, இரண்டாவது ஆளுக்கு 0.32, மூன்றாவது ஆளுக்கு 0.21. நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் பல பொறியியல் ஆய்வகங்களில் கடைசிப் பெயர்தான் ஆய்வகத் தலைவருடையது. சில துறைகளில் பெயர்கள் வெறும் அகரவரிசை. சூத்திரத்துக்கு அது தெரியாது.

இதில் நம்ம நாட்டுக் கணக்கு இன்னும் வேடிக்கை. யு.ஜி.சி.யின் 2018 ஒழுங்குமுறையில், கல்லூரி ஆசிரியர் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் ஆய்வு மதிப்பெண் கணக்கிடும் ஒரு அட்டவணை இருக்கிறது. அதன்படி இரண்டு பேர் எழுதிய பேப்பர் என்றால் ஆளுக்கு 70 சதவீதம். இரண்டு பேருக்கு மேல் என்றால் முதல் அல்லது முதன்மை ஆசிரியருக்கு 70 சதவீதம், மற்ற ஒவ்வொருவருக்கும் 30 சதவீதம். கூட்டிப் பாருங்கள். தனியாக எழுதினால் ஒரு பேப்பர் 100. இரண்டு பேர் எழுதினால் அதே பேப்பர் 140. மூன்று பேர் என்றால் 130. ஐந்து பேர் என்றால் 190. இட்லியைப் பிட்டால் மொத்த மாவு கூடும் என்கிற மாதிரி. பேப்பரில் சும்மா ஒரு பெயரைச் சேர்ப்பது ஏன் இவ்வளவு சாதாரணமாகிவிட்டது என்று கேட்பவர்கள் இந்தக் கூட்டலை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

பெயர் என்றதும் இன்னொன்று. இந்தத் துறையின் பட்டியல்களில் சீனப் பெயர்கள் ஏராளம். 'வாங் ஒய்', 'லி எல்' என்று முதலெழுத்தோடு சுருக்கினால் ஒரே பெயருக்குள் நூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். தமிழர் கதை வேறு மாதிரி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியலை விரித்து எழுதச் சொன்னால் அப்பா பெயர் வந்து குடும்பப் பெயர் கட்டத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஒரு இதழில் 'எஸ். முருகன்', இன்னொன்றில் 'முருகன் எஸ்.', மூன்றாவதில் விரித்து எழுதிய அப்பா பெயர் முன்னால். தரவுத்தளத்துக்கு அது மூன்று ஆள். மேற்கோள் பாதி மகனுக்கும் பாதி அப்பாவுக்கும் ஏறும். ஆய்வாளருக்கு ஒரு நிலையான எண் கொடுக்கும் ஆர்கிட் 2012இல் வந்த பிறகு இது குறைந்திருக்கிறது. ஆனால் 2000இலிருந்து 2009 வரையிலான கட்டுரைகளை எண்ணுகிறவருக்கு அந்த வசதி இல்லை. எண்ணுகிறவர்கள் கையால் சரிபார்த்தோம் என்பார்கள். நம்பலாம். ஆனால் முதல் பத்து இடத்தில் ஒரு பேப்பர் வித்தியாசத்தில் நாலு பேர் நிற்கும்போது, அந்த ஒரு பேப்பர் எங்கிருந்து வந்தது என்பது சின்ன விஷயம் இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் எந்தத் துறைக்கும் பொருந்தும். ஐ.டி.எஸ்.க்கு மட்டும் உரிய குறை அடுத்து வருவது. எனக்கு இதுதான் முக்கியம்.

இந்தத் துறை செய்யும் பொருள் என்ன? கணிதத்தில் தேற்றம், வரலாற்றில் நூல் என்றால், இங்கே ஒரு சந்திப்பில் பச்சை விளக்கு எத்தனை நொடி எரிய வேண்டும் என்று முடிவெடுக்கும் ஒரு பெட்டி. நெடுஞ்சாலைக்குள் எத்தனை கார்களை விடலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மீட்டர். பஸ் எப்போது வரும் என்று சொல்லும் ஒரு பலகை. அப்படியானால் இந்தத் துறையில் தாக்கம் என்றால் உலகத்துச் சந்திப்புகளில் எது ஓடுகிறது என்பதாகத்தானே இருக்க வேண்டும்? சரி, எது ஓடுகிறது, அது எங்கே வெளியானது என்று பார்த்துக்கொண்டு போனேன்.

சிக்னல் நேரக் கணக்கின் ஆதி நூல் எஃப். வி. வெப்ஸ்டர் 1958இல் எழுதியது. பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடம் வெளியிட்ட 39ஆம் எண் தொழில்நுட்பத் தாள். சிவிலில் போக்குவரத்துப் பாடம் எடுத்த எவரும் இந்தச் சூத்திரத்தைப் போட்டிருப்பார்கள். ஒரு சுற்றில் வீணாகும் நேரத்தை ஒன்றரையால் பெருக்கி, ஐந்து கூட்டி, அதை ஒன்றிலிருந்து மொத்த ஓட்ட விகிதத்தைக் கழித்த எண்ணால் வகுக்க வேண்டும். வீணாகும் நேரம் 12 நொடி, ஓட்ட விகிதம் 0.7 என்றால் 23ஐ 0.3ஆல் வகுத்து சுமார் 77 நொடி. அதுதான் ஒரு முழுச் சுற்று. அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் கைக்கணக்குக்கு இதுதான் முதல் படி. அடுத்து, பல சந்திப்புகளை ஒன்றாகக் கோத்து நேரம் வகுக்கும் 'ட்ரான்சிட்' நிரல். டென்னிஸ் ராபர்ட்சன் 1969இல் அதே ஆய்வுக்கூடத்துக்காக எழுதிய 253ஆம் எண் அறிக்கை. அதிலிருந்து வளர்ந்ததுதான் சாலையில் பதித்த உணரிகளைப் பார்த்து நொடிக்கு நொடி நேரத்தைத் திருத்திக்கொள்ளும் 'ஸ்கூட்'. கிளாஸ்கோவில் சோதித்து, பிறகு பல நகரங்களுக்குப் போனது. அதன் முழு விவரம் 1981இல் 1014ஆம் எண் ஆய்வுக்கூட அறிக்கையாக வந்தது. இந்தப் பக்கம் சிட்னியில், நியூ சவுத் வேல்ஸ் மாநில நெடுஞ்சாலைத் துறையில் ஆர்தர் சிம்ஸ் குழு 1970களில் செய்த 'ஸ்கேட்ஸ்'. இன்று பல நாடுகளில், பல பத்தாயிரம் சந்திப்புகளில் ஓடுகிறது. சிம்ஸ் அதைப் பற்றி 1980இல் இன்னொருவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரை ஐ.இ.இ.இ. இதழ் ஒன்றில்தான் வந்தது, ஆனால் வாகனத் தொழில்நுட்ப இதழில். ஐ.டி.எஸ். இதழ் பிறக்க இன்னும் இருபது வருஷம் இருந்தது.

அதாவது, உலகத்து சிக்னல்களின் முதுகெலும்பாக இருக்கும் நாலில் மூன்று, அரசு ஆய்வுக்கூடத்தின் எண் போட்ட அறிக்கைகள். மேற்கோள் தரவுத்தளங்கள் இதழ்களையும் மாநாட்டுத் தொகுப்புகளையும் வைத்துக் கட்டப்பட்டவை. இப்படிப்பட்ட அறிக்கைகளுக்கு அங்கே சொந்தமாக ஒரு பக்கம் இருக்காது. மற்றவர்களின் அடிக்குறிப்பில் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போகும், அதுவும் பத்து விதமான எழுத்துப்பிழையோடு. 2000க்குப் பிறகு ஒரு இதழில் வந்ததை மட்டும் எண்ணினால் இவர்களில் ஒருவர் பெயரும் வராது. அது அந்தக் கட்டுரைகளின் தப்பில்லை, அவர்கள் எடுத்துக்கொண்ட எல்லை அது என்று சொல்லலாம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லையை விரித்தாலும் அளவுகோல் இவர்களைப் பிடிக்காது. ஹிர்ஷ் 2005இல் சொன்ன எச்-இண்டெக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு எச் 20 என்றால் அவருடைய 20 பேப்பர்களுக்கு ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 20 மேற்கோள் இருக்க வேண்டும். உலகத்தையே மாற்றிய ஒரே ஒரு அறிக்கை எழுதியவருக்கு எச் 1. ஆயிரம் பேர் மேற்கோள் காட்டினாலும் 1தான். இதழின் தரத்தைச் சொல்லும் இம்பாக்ட் ஃபேக்டரோ கடந்த இரண்டு வருஷக் கட்டுரைகளுக்கு வரும் மேற்கோளை மட்டும் பார்க்கும். ஒரு சிக்னல் முறையை ஒரு நகரத்தில் சோதித்து, ஒப்பந்தம் போட்டு, தெருவைத் தோண்டிக் கம்பி பதிப்பதற்குள் அந்த இரண்டு வருஷம் முடிந்து இன்னொரு இரண்டு வருஷமும் போயிருக்கும். (ஹிர்ஷே 2020இல், தன் குறியீடு மோசமான பக்கவிளைவுகளையும் தரக்கூடும் என்று எழுதினார். பதினைந்து வருஷம் கழித்து.)

நெடுஞ்சாலையிலும் இதே கதைதான். நுழைவுப் பாதையில் சிக்னல் வைத்துக் கார்களை அளந்து உள்ளே விடும் 'அலினியா' முறையை பாபாஜியார்ஜியோ, ஹஜ்-சலேம், ப்ளோஸ்வில் மூவரும் 1991இல் எழுதினார்கள். பாரிஸைச் சுற்றியுள்ள பெரிஃபெரிக் சாலையில் சோதித்துப் பார்த்த முறை. அதன் மையம் ஒரே ஒரு வரிச் சமன்பாடு. சாலையில் நெரிசல் நாம் விரும்பும் அளவைவிடக் கூடினால் உள்ளே விடும் எண்ணிக்கையைக் கொஞ்சம் குறை, குறைந்தால் கொஞ்சம் கூட்டு. அவ்வளவுதான். வந்ததோ அமெரிக்கப் போக்குவரத்து ஆய்வு வாரியத்தின் தொகுப்பு ஒன்றில். அதன் பிறகு வந்த நுழைவுக் கட்டுப்பாட்டு முறைகளெல்லாம் இதோடு தங்களை ஒப்பிட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது.

ஓட்டுநர்கள் முன்னால் போகும் வண்டியை எப்படித் தொடர்கிறார்கள் என்பதற்கான இரண்டு பெயர்பெற்ற மாதிரிகளும் போக்குவரத்து இதழ்களில் வரவில்லை. நாகல்-ஷ்ரெக்கன்பர்க் மாதிரி 1992இல் பிரெஞ்சு இயற்பியல் இதழில் வந்தது, ட்ரைபர் குழுவின் ஐ.டி.எம். 2000இல் அமெரிக்க இயற்பியல் கழகத்தின் இதழில். 'சுமோ' என்ற இலவச மென்பொருளை ஜெர்மனியின் விண்வெளி மையம் 2001இலிருந்து வெளியிட்டு வருகிறது. இன்று கணினியில் சிக்னலைச் சோதிக்கிற மாணவர்களில் பெரும்பங்கு அதைத்தான் திறந்து வைத்திருக்கிறார்கள். ஒரு மென்பொருளின் அடுத்த பதிப்பில் பிழை திருத்துகிறவருக்கு எந்தப் பட்டியலில் என்ன இடம்?

சரி, அப்போது பட்டியல் எதைப் பிடிக்கிறது? இதற்கு என்னிடம் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது: மெட்ர்-எல்ஏ. லாஸ் ஏஞ்சலஸ் வட்டார நெடுஞ்சாலைகளில் பதித்த 207 உணரிகள், 2012 மார்ச்சிலிருந்து ஜூன் வரை நாலு மாதம், ஐந்து நிமிடத்துக்கு ஒரு வேகம். 2018இல் ஐ.சி.எல்.ஆர். மாநாட்டில் வந்த ஒரு பேப்பர் இந்தத் தரவையும், சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் 325 உணரிகள் கொண்ட இன்னொரு தரவையும் பொதுவில் வைத்தது. அதன் பிறகு போக்குவரத்துக் கணிப்பு என்றாலே இந்த இரண்டும்தான். அடுத்த 15 நிமிடம், 30 நிமிடம், ஒரு மணி நேரத்தில் வேகம் என்னவாக இருக்கும் என்று கணித்து, பிழையை அட்டவணையில் போட்டு, போன பேப்பரைவிடக் குறைவு என்று காட்ட வேண்டும். 2018 பேப்பரில் 15 நிமிடக் கணிப்பின் சராசரிப் பிழை மணிக்கு 2.77 மைல். 2019இல் பெயர் வாங்கிய இன்னொரு முறையில் 2.69. வித்தியாசம் 0.08 மைல், அதாவது மணிக்கு சுமார் 130 மீட்டர். ஒரு மணி நேரத்தில் தெருக்கோடி வரை நடந்து திரும்பும் தூரம். இரண்டும் நல்ல பேப்பர்கள்தான், இரண்டிலும் புது யோசனை இருக்கிறது, பிற துறைகளுக்கும் பயன்பட்டிருக்கிறது. நான் சொல்வது அவற்றுக்குப் பின்னால் நீளும் வரிசையைப் பற்றி. ஒவ்வொரு பேப்பரும் தனக்கு முன் வந்த பத்து இருபதை அட்டவணையில் ஒப்பிட வேண்டும். ஒப்பிட்டால் மேற்கோள் காட்டியே ஆக வேண்டும். ஆக, ஓட்டப்பந்தயத்தில் சேர்ந்த ஒவ்வொருவரும் முன்னால் ஓடினவர் எல்லோருக்கும் ஒரு மேற்கோள் கொடுத்துவிட்டுத்தான் ஓடத் தொடங்குகிறார். தாக்கக் கணக்கு இங்கே மடமடவென்று ஏறும். அந்த நாலு மாதத்து லாஸ் ஏஞ்சலஸ் காலை நெரிசல் உலகத்திலேயே அதிகம் முறை கணிக்கப்பட்ட நெரிசலாக இருக்கும். அதில் மாட்டினவர்கள் எப்போதோ வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

நம்ம ஊர்ச் சாலைக்கு இந்தத் தரவு எவ்வளவு தூரம் பொருந்தும்? அங்கே வண்டிகள் கோட்டுக்குள் போகும், கோட்டுக்கு ஒரு உணரி பதித்தால் எண்ணிவிடலாம். இங்கே ஒரு பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் இடையில் மூன்று டூவீலர் நிற்கும். தரையில் பதித்த உணரி என்ன எண்ணும் என்று அதற்கே தெரியாது. வெப்ஸ்டர் வழிக் கணக்கில், பச்சை விழுந்ததும் ஒரு மீட்டர் அகலச் சாலையில் மணிக்கு எத்தனை வண்டி கிளம்பும் என்று ஒரு எண் வேண்டும். அதற்கு 525 என்ற பிரிட்டிஷ் எண்ணை நாம் பல பத்தாண்டுகள் அப்படியே வைத்திருந்தோம். சி.எஸ்.ஐ.ஆரின் மத்திய சாலை ஆய்வு நிறுவனம் பல கல்வி நிறுவனங்களோடு சேர்ந்து இந்திய நகரங்களில் அளந்து, 2017இல் 'இண்டோ-எச்.சி.எம்.' என்ற கையேட்டைக் கொண்டுவந்தது. நம் வண்டிக் கலவைக்கு ஏற்ற எண்கள் அதில் இருக்கின்றன. இந்தியாவில் ஒரு சந்திப்பை வடிவமைக்கிற பொறியாளர் எடுத்துப் பார்க்க வேண்டிய புத்தகம் இது. இதைவிடப் பெரிய தாக்கம் ஒரு போக்குவரத்து ஆய்வுக்கு என்ன இருக்க முடியும்? ஆனால் இது கையேடு, பேப்பர் இல்லை. தெருவில் வெயிலில் நின்று எண்ணினவர்களின் எச்-இண்டெக்ஸில் இது ஒன்றும் சேர்க்காது. நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், மேலே திட்டின அதே யு.ஜி.சி. அட்டவணையில் அரசுக்குக் கொடுத்த கொள்கை ஆவணத்துக்கும் ஒரு வரி இருக்கிறது. மத்திய அரசுக்கு என்றால் 7, மாநில அரசுக்கு என்றால் 4. இம்பாக்ட் ஃபேக்டர் இரண்டுக்கு மேல் உள்ள இதழில் ஒரு பேப்பர் போட்டால் குறைந்தது 20.

இதையெல்லாம் நான் வெறும் கணக்குச் சண்டையாக எழுதவில்லை. போன வருஷம் ஒரு பையன் போன் பண்ணினான். முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து ஆறு மாசம்.

"அண்ணா, கைடு ரெண்டு டாபிக் சொல்லியிருக்கார். ஒண்ணு நம்ம ஊர்ல பத்து ஜங்ஷன்ல வீடியோ எடுத்து, பச்சை விழுந்தா எத்தனை வண்டி கிளம்புதுன்னு எண்ணி மாடல் பண்றது. இன்னொண்ணு டீப் லேர்னிங் வச்சு ட்ராஃபிக் ப்ரெடிக்‌ஷன். எதை எடுக்கட்டும்?"

"உனக்கு எது பிடிச்சிருக்கு?"

"முதல்லதுதான் அண்ணா. ஆனா அதுக்கு போலீஸ் பெர்மிஷன் வாங்கவே மூணு மாசம் ஆகும்னு சீனியர்ஸ் சொல்றாங்க. வீடியோ பார்த்து எண்ண ஒரு வருஷம். கடைசில ரெண்டு பேப்பர் வந்தா பெரிசு. ரெண்டாவதுல டேட்டா ரெடியா இருக்கு."

வீடியோ பார்த்து வண்டி எண்ணுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு மணி நேரக் காட்சியை எண்ணி முடிக்க ஒரு முழு நாள் போகும். கண் எரியும், இரவில் கண்ணை மூடினாலும் டூவீலர் ஓடும். அவனிடம் முதல் டாபிக்கை எடு என்று சொல்ல வாய் வந்தது. நாலு வருஷம் கழித்து நேர்காணலில் அவன் முன்னால் உட்காரப்போகிறவர் அவனுடைய தீசிஸைத் திறக்க மாட்டார், எண்ணைத்தான் கேட்பார் என்பதும் தெரியும். வேறு ஒருவன் வாழ்க்கையை வைத்து நான் கொள்கை பேச முடியுமா? யோசிச்சு முடிவு பண்ணுப்பா என்று மழுப்பினேன்.

மாற்று என்ன என்று கேட்பீர்கள். எண்ணவே கூடாது என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எண்ணாத காலத்தில் யாருக்குப் பதவி கிடைத்தது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். சான் பிரான்சிஸ்கோ பிரகடனம், லைடன் அறிக்கை என்று ஆளை மதிப்பிட இதழின் எண்ணைப் பயன்படுத்தாதீர்கள் என்று சொல்லும் ஆவணங்கள் 2012இலிருந்து வந்துகொண்டிருக்கின்றன. 2020 பிப்ரவரியில் சீனாவின் கல்வி அமைச்சகமும் அறிவியல் அமைச்சகமும்கூட, பேப்பர் எண்ணிக்கையைப் பார்த்துப் பரிசும் பதவியும் தருவதைக் குறைக்கச் சொல்லி உத்தரவு போட்டன. இந்தத் துறையின் பட்டியல்களில் முன்னால் நிற்கிற நாடே அப்படிச் சொன்னது கவனிக்க வேண்டிய விஷயம்.

எனக்குத் தோன்றுவது சின்னதாக ஒன்று. அடுத்த முறை ஐ.டி.எஸ். ஆய்வை எண்ணிக் கட்டுரை எழுதுகிறவர்கள் எதிர்த்திசையிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம். ஐம்பது நகரங்களின் சிக்னல் கட்டுப்பாட்டு அறைகளில் என்ன ஓடுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். நாட்டுக்கு நாடு இருக்கும் வடிவமைப்புக் கையேடுகளை எடுத்து, அவற்றின் அடிக்குறிப்புகளில் யார் இருக்கிறார் என்று எண்ணுங்கள். அங்கிருந்து பின்னால் நடந்து எந்த அறிக்கைக்கு, எந்த பேப்பருக்குப் போய்ச் சேருகிறோம் என்று பாருங்கள். லேசான வேலை இல்லை. நிறுவனங்கள் தங்கள் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லாது. 'அடாப்டிவ்' என்று பெயர்ப்பலகை மாட்டிவிட்டு உள்ளே பழைய நிலையான நேரமே ஓடுகிற சந்திப்புகளும் உண்டு, அதைத் தாக்கம் என்று எண்ணினால் அதுவும் பொய்தான். கையேடுகள் பழைய எண்களைப் பல வருஷம் தூக்கிச் சுமக்கும், அதனால் புது ஆளுக்கு அங்கேயும் இடம் கிடைப்பது கஷ்டம். இந்தப் பட்டியலும் குறையுள்ளதாகத்தான் இருக்கும். ஆனால் குறைகள் வேறு இடத்தில் இருக்கும். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்தால் எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று தெரியும். இரண்டிலும் வரும் பெயர்களைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே ஆவல். பாபாஜியார்ஜியோ வருவார் என்று பந்தயம் கட்டத் தயார்.

அந்தப் பையன் ரெண்டு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினான்: "அண்ணா, மெட்ர்-எல்ஏ டவுன்லோட் பண்ணிட்டேன்." கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினேன். இப்போது அவனுக்கு ஒரு பேப்பர் வந்துவிட்டது, பிழை போன பேப்பரைவிடக் குறைவுதான். அவன் வீட்டுக்குப் பக்கத்து ஜங்ஷனில் இன்னமும் காலை எட்டரைக்கு ஒரு கான்ஸ்டபிள் சிக்னலை ஆஃப் பண்ணிவிட்டுக் கையால்தான் விடுகிறார்.